வெள்ளைக் கூம்பும் உள்ளே ஓடும் தடமும்

ஃபுளோரிடாவின் மேஜிக் கிங்டம் பூங்காவில் 1975 ஜனவரி 15 அன்று திறக்கப்பட்ட ஸ்பேஸ் மவுண்டனை வெளியே நின்று பார்ப்பவருக்கு, அது ரோலர் கோஸ்டர் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். தண்டவாளம் கண்ணில் படாது. வண்டி சரிந்து விழுவதும் வளைந்து திரும்புவதும் தெரியாது. தெரிவதெல்லாம் ஏறத்தாழ 183 அடி உயரமும் 300 அடி விட்டமும் கொண்ட வெள்ளைக் கூம்பு ஒன்றுதான். அதன் உடம்பைச் சுற்றி, அடியில் அகன்று உச்சியில் குறுகும் 72 கான்கிரீட் விலாக்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் 117 அடி நீளம், 74 டன் எடை. வழக்கமாக இத்தகைய உத்தரங்களைக் கட்டடத்தின் உட்பக்கம் வைத்து, வெளியே மழமழப்பான கூரை போடுவார்கள். வடிவமைப்பாளர் ஜான் ஹென்ச் அதைத் தலைகீழாக்கினார். உள்ளே சுவரெங்கும் விண்மீன்களை ஒளிப்படமாக வீச வேண்டும். நடுவில் உத்தரங்கள் துருத்திக்கொண்டிருந்தால் வானம் துண்டுதுண்டாகிவிடும். ஆகவே விலாக்கள் வெளியே வந்தன. இன்று அஞ்சலட்டைகளிலும் சட்டைகளிலும் அச்சாகும் அந்தப் புகழ்பெற்ற உருவம் வெளி அழகை மட்டும் நினைத்து வரையப்பட்டதல்ல. உள்ளே இருட்டில் நடக்கும் மூன்று நிமிடங்களுக்கும் குறைவான ஓட்டம் அதைத் தீர்மானித்தது.

இந்த ஒரு கட்டுமான முடிவை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், பழைய ரோலர் கோஸ்டர்களைப் புதுப்பிக்கும்போது எல்லோரும் எளிதாகச் சொல்லும் தீர்வு சற்று உறுத்தும். 'வெளியே அப்படியே இருக்கட்டும், உள்ளே புதிதாக்கிவிடலாம்' என்பது அந்தத் தீர்வு. பூங்கா முதலாளிகளுக்கும் பொறியாளர்களுக்கும் பழையதை நேசிக்கும் ரசிகர்களுக்கும் ஒருசேரப் பிடித்துப்போகிற சமரசம் இது. அது பாதி சரி என்பது என் எண்ணம். வெளிக்கூட்டைக் காப்பதற்கு வலுவான தொழில்நுட்பக் காரணங்களும் பண்பாட்டுக் காரணங்களும் இருக்கின்றன. ஆனால் உள்ளே ஓடும் பாதையின் வடிவத்தையும் காக்க வேண்டிய பொருளாக மதிக்கும்போதுதான் அந்தக் காப்பு பொருள்படும். எஃகை மாற்றலாம், மாற்றியே ஆக வேண்டும். எங்கே ஏறுகிறோம், எந்த இருட்டில் எந்தப் பக்கம் சாய்கிறோம், எப்போது மூச்சு அடைக்கிறது என்ற ஒழுங்கு வேறு சங்கதி. அதை மாற்றிவிட்டுக் கூட்டை மட்டும் நிறுத்திவைத்தால் மிஞ்சுவது வெறும் முகமூடி.

முதலில் எஃகு ஏன் போயாக வேண்டும் என்பதைப் பார்க்கலாம். ஒரு பாலத்தின் மீதோ கூரையின் மீதோ நிற்கும் பெரும் பாரம் எஃகுக்குப் பெரிய பிரச்சினையல்ல. ஏறி இறங்கி, திரும்பத் திரும்ப வந்து போகும் சிறு பாரம்தான் அதைக் கொல்லும். பொறியாளர்கள் உலோகச் சோர்வு என்று சொல்வது இதைத்தான். ஒவ்வொரு முறை வண்டி கடக்கும்போதும் குழாய் தண்டவாளம் மயிரிழை அளவு வளைந்து நிமிர்கிறது. அந்த வளைவின் முழு வலியும் பற்றவைப்பு மூட்டுகளில் போய்ச் சேர்கிறது. பல லட்சம் முறைக்குப் பிறகு அங்கே கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு தோன்றி மெல்ல வளரும். ஓர் உத்தேசக் கணக்குப் போடலாம்: நிமிடத்துக்கு இரண்டு வண்டி, நாளைக்கு 14 மணி நேரம் என்றால் ஒரே நாளில் 1,680 முறை, ஓராண்டில் ஆறு லட்சத்துக்கும் மேல், 26 ஆண்டுகளில் ஒன்றரைக் கோடியைத் தாண்டிவிடும். வண்டி ஒவ்வொன்றுக்கும் பல அச்சுகள் இருப்பதால் உண்மையில் எஃகு வாங்கும் அடி இதைவிடப் பல மடங்கு. தொடர்ந்து பரிசோதித்து, வெடித்த இடத்தைச் சுரண்டி மீண்டும் பற்றவைத்து ஆயுளை நீட்டிக்கலாம். ஒரு கட்டத்துக்கு மேல் ஒட்டுப்போட்ட இடங்களே புதிய பலவீனங்களாகிவிடும். கான்கிரீட் கூம்பின் கதை வேறு. அது சுமப்பது பெரும்பாலும் தன் எடையை; எதிர்கொள்வது வெயிலையும் மழையையும் காற்றையும். அதற்கும் மூப்பு உண்டு, ஆனால் அதன் கடிகாரம் மெதுவானது. ஒரே நாளில் திறப்புவிழா கண்ட இரண்டு பொருள்கள் வெவ்வேறு வேகத்தில் முதுமை அடைகின்றன. களைத்த ஒன்றுக்காகக் களைக்காத மற்றொன்றை இடித்துத் தள்ளுவதற்கு அழகியல் பார்வையில் மட்டுமல்ல, சாதாரணச் சிக்கனக் கணக்கிலும் நியாயம் கிடையாது.

இதைச் செய்துகாட்டிய இடம் கலிஃபோர்னியாவின் அனஹைம். அங்குள்ள டிஸ்னிலேண்டில் 1977 மே 27 அன்று திறக்கப்பட்ட ஸ்பேஸ் மவுண்டன், ஃபுளோரிடாவில் இருப்பதன் நகல் அல்ல. இடம் குறைவு, விட்டம் 200 அடிதான். அருகில் உள்ள சிறிய கோட்டையை அமுக்கிவிடாதபடி உயரத்தையும் குறைத்து, கட்டடத்தின் ஒரு பகுதியைத் தரைக்குக் கீழே இறக்கினார்கள். இரட்டைத் தடத்துக்குப் பதில் ஒற்றைத் தடம். அந்த வளாகத்துக்கு ஆன செலவு சுமார் 2 கோடி டாலர். 1955இல் டிஸ்னிலேண்ட் பூங்கா முழுவதையும் கட்டவே ஏறத்தாழ 1.7 கோடி டாலர்தான் ஆனது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இருபத்தாறு ஆண்டுகள் ஓடிய பிறகு, 2003 ஏப்ரலில் அதை மூடினார்கள். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகக் கூம்பு நின்ற இடத்திலேயே நின்றது. அதன் வயிற்றுக்குள் இருந்த தண்டவாளம் முழுவதும் அகற்றப்பட்டுப் புதிதாகப் போடப்பட்டது. 2005 ஜூலை 15 அன்று, பூங்காவின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்பாக, மறுபடியும் கதவு திறந்தது. புதிய எஃகு, புதிய வண்டிகள், மைக்கேல் ஜாக்கீனோ அமைத்த புதிய இசை. ஆனால் தடம் சென்ற வழி கிட்டத்தட்ட பழைய வழியேதான்.

'கிட்டத்தட்ட' என்ற இடத்தில்தான் சங்கதி இருக்கிறது. 1970களுக்கும் 2000களுக்கும் இடையே ரோலர் கோஸ்டர் வடிவமைப்பு அடியோடு மாறியிருந்தது. ஜெர்மன் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல் போன்றவர்கள், தண்டவாளத்தின் நடுக்கோட்டைச் சுற்றி வண்டியைச் சாய்ப்பதை விட்டுவிட்டு, பயணியின் மார்பளவு உயரத்தில் ஓடும் ஒரு கற்பனைக் கோட்டை அச்சாக வைத்துச் சாய்க்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதனால் கழுத்தும் விலாவும் வாங்கும் உதைப்பு குறைந்தது. வளைவுக்குள் நுழைவது சுருக்கென்று குத்தாமல் வழுக்கிக்கொண்டு போவதாயிற்று. இந்த அறிவெல்லாம் கையில் இருக்கும்போது முற்றிலும் புதிய பாதையை வரைவதே எந்தப் பொறியாளருக்கும் இயல்பான ஆசை. அனஹைமில் அதற்கு அணை போட்டது அந்தக் கூம்புதான். 200 அடி வட்டத்துக்குள், தாழ்ந்துகொண்டே வரும் கூரைக்குக் கீழே, உயரத்தை மெல்லச் செலவழித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி இறங்குவதைத் தவிர வேறு வழி அதிகம் இல்லை. கை நீட்டினால் எதிலும் படாத இடைவெளி விட வேண்டும். ஒரு வண்டி நின்றுபோனால் பின்னால் வருவது நிற்பதற்குப் பகுதி பகுதியாகத் தடுப்புக் கட்டைகள் வேண்டும். பழுது பார்ப்பவர் ஏறிச் செல்ல நடைபாதை வேண்டும். இவை அத்தனையும் போக மிச்சமிருக்கும் வெளியில் பாதையின் உருவம் பெரும்பாலும் முன்பே எழுதப்பட்டுவிட்டது. கூட்டைக் காப்பது என்ற முடிவு, அதை எடுத்தவர்கள் நினைத்தார்களோ இல்லையோ, பாதையையும் காத்துக்கொடுத்தது.

இங்கே ஒரு பழைய கேள்வி எழும். எல்லாப் பலகையையும் மாற்றிய கப்பல் பழைய கப்பலா என்று கிரேக்கர்கள் கேட்டது. தண்டவாளமும் வண்டியும் இசையும் புதிது என்றால், 1977இல் ஓடிய ஸ்பேஸ் மவுண்டன் எங்கே மிஞ்சியிருக்கிறது? ரோலர் கோஸ்டரைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்குத் தத்துவவாதிகள் பயப்படுகிற அளவுக்குச் சிக்கல் இல்லை என்று நினைக்கிறேன். இது வைத்துப் பார்க்கிற பொருளல்ல, நிகழ்த்துகிற பொருள். அதன் அடையாளம் நேரத்தில் விரிகிறது. 2005இன் இசை இதற்கு நல்ல சான்று: ஏற்றத்தின் முடிவில் எத்தனையாவது நொடி, முதல் சரிவு எப்போது என்பதெல்லாம் நிச்சயமாக இருந்ததால்தான் வண்டிக்குள்ளேயே ஒலிபெருக்கி வைத்து ஓட்டத்துக்கு ஒத்திசைந்த இசையைப் போட முடிந்தது. மேலும் இருட்டு. ஃபுளோரிடாவின் வண்டிகள் மணிக்கு சுமார் 45 கிலோமீட்டர் வேகத்தைத்தான் தொடுகின்றன. நெடுஞ்சாலையில் அந்த வேகத்தில் போனால் பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார். அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று தெரியாததால் உடம்பு முன்கூட்டித் தயாராக முடிவதில்லை. அதனால்தான் அந்த எளிய வேகம் கொலைவேகமாகத் தோன்றுகிறது. ஆக, காக்க வேண்டியவை இவை: பாதையின் ஒழுங்கு, இருட்டின் ஆழம், வெளியே எதையும் காட்டிக்கொடுக்காத கூம்பு. எஃகின் வயது இந்தப் பட்டியலில் வராது.

கூம்புக்கும் ஓட்டத்துக்கும் உள்ள உறவு அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு பாரிஸ் இருக்கிறது. 1995 ஜூன் 1 அன்று அங்கே திறந்த ஸ்பேஸ் மவுண்டன், பூமியிலிருந்து சந்திரனுக்குப் பயணம் என்ற ஜூல் வெர்ன் நாவலை அடியொற்றியது. கூம்பின் நிறமே வேறு. செம்பும் பித்தளையுமாக, 19ஆம் நூற்றாண்டு கண்ட எதிர்காலக் கனவு. பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும் கொலம்பியாட் என்ற ராட்சதப் பீரங்கி வெறும் அலங்காரமல்ல. வண்டி அதற்குள் நுழைந்து, அங்கிருந்து விசையோடு மேல்நோக்கி எறியப்பட்டது. வெளியே பார்த்தது உள்ளே நடந்தது. 2005இல் கதை மாறி 'மிஷன் 2' ஆயிற்று. 2017இல் புதிய வண்டிகள் வந்தன, கூடவே ஸ்டார் வார்ஸ் படத்தின் போர்க்கப்பல்களும் வந்தன. வெக்கோமா நிறுவனம் தந்த புதிய வண்டிகளில் தலையை இடிக்கும் பழைய தோள் பூட்டுக்குப் பதிலாக மார்பைத் தழுவும் மென்மையான பூட்டு வந்தது உண்மையான முன்னேற்றம். அதை யாரும் குறை சொல்ல முடியாது. தடமும் பீரங்கியும் இருக்கின்றன. கூம்பும் இருக்கிறது. ஆனால் செம்புக் குழாய்களும் திருகாணிகளும் பதித்த விக்டோரிய பீரங்கியிலிருந்து புறப்பட்டு, ஹாலிவுட் படத்தின் விண்வெளிச் சண்டைக்குள் போய் விழுகிறார் பயணி. கல்லும் எஃகும் அழியவில்லை. அவற்றுக்கு இருந்த பேச்சு அழிந்துவிட்டது. வெளித்தோற்றத்தைக் காத்தோம் என்ற சான்றிதழ் பாரிஸுக்கு எளிதாகக் கிடைத்துவிடும். எனக்கு அது போதவில்லை.

வேறொரு விதமான தவறு வண்டியில் நேரும். டிஸ்னிலேண்டின் மேட்டர்ஹார்ன் 1959 ஜூன் 14 அன்று திறந்தது. ஆரோ டெவலப்மென்ட் நிறுவனம் அமைத்த அதன் தடம்தான் குழாய் எஃகால் ஆன முதல் ரோலர் கோஸ்டர் தடம். இன்று உலகெங்கும் ஓடும் எஃகுக் கோஸ்டர்கள் எல்லாவற்றுக்கும் அதுவே மூதாதை. 147 அடி உயரமுள்ள அந்தப் பொய்மலை, சுவிட்சர்லாந்தின் அசல் மலையில் நூற்றில் ஒரு பங்கு. முதல் இருபது ஆண்டுகள் அதன் உட்புறம் பெரும்பாலும் இரும்புச் சட்டகம் தெரியும் வெறும் குகையாகத்தான் கிடந்தது; ஸ்கைவே என்ற கம்பிவடத் தொட்டிகள் மலையைத் துளைத்துக்கொண்டு போய்வந்தன. 1978இல் உள்ளே பனிக்குகைகள் வந்தன, பனிமனிதன் வந்தான். 1994இல் ஸ்கைவே நின்றபின் மலையின் துளைகள் அடைபட்டன. ஆக 'அப்படியே இருக்கும் வெளித்தோற்றம்' என்று நாம் நினைப்பதும் பலமுறை திருத்தி எழுதப்பட்டதுதான். 2012இல் புதிய வண்டிகள் வந்தன. முன்பு நீண்ட இருக்கையில் ஒருவர் மடியில் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்தார்கள். இப்போது தனித்தனி இருக்கை, ஒரு வண்டிக்கு மூன்று பேர். பாதுகாப்புப் பார்வையில் இது சரியான முடிவு. ஆனால் கால் நீட்ட இடமில்லை, உலுக்கல் அதிகமாகிவிட்டது என்ற புகார்கள் உடனே கிளம்பின. அரை நூற்றாண்டுக்கு முன் வேறு வண்டிக்காக வளைக்கப்பட்ட தடத்தில் இன்றைய வண்டியைப் பூட்டினால் இது நடக்கத்தான் செய்யும். மலையைத் தொடாதே, தடத்தையும் தொடாதே, வண்டியை மட்டும் மாற்று என்பது காப்பு போலத் தோன்றும். பயணியின் முதுகெலும்பிடம் கேட்டால் வேறு பதில் வரும். அனஹைமின் இரு மலைகளும் சில நூறு அடி தொலைவில்தான் நிற்கின்றன. ஒன்றில் தடத்தைப் புதிதாகப் போட்டதால் ஓட்டம் பிழைத்தது. மற்றொன்றில் பழைய தடத்தை விட்டுவைத்ததால் ஓட்டம் கெட்டது.

மரத்தாலான கோஸ்டர்களில் இந்த விவாதம் எளிமையாகிறது, ஏனெனில் அங்கே கூடு, தடம் என்ற பிரிவே இல்லை, தடம்தான் தோற்றம். நியூயார்க்கின் கோனி ஐலண்டில் 1927 ஜூன் 26 அன்று திறந்த சைக்ளோனை நகர நிர்வாகம் 1988இல் அடையாளச் சின்னமாக அறிவித்தது. பார்ப்பவர்கள் அதை முழுவதும் மரம் என்று நினைப்பார்கள். அதைத் தாங்கும் சட்டகம் எஃகு. பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே இரும்புப் பட்டை பதித்த தடம்தான் மரம். அந்தப் பலகைகள் தேயத் தேயப் பகுதி பகுதியாக மாற்றப்படுகின்றன. இங்கிலாந்தின் மார்கேட்டில் 1920இல் அமைந்த சீனிக் ரயில்வேயின் ஒரு பகுதி 2008இல் தீக்கிரையானது. அப்போது அது ஏற்கெனவே சட்டப் பாதுகாப்பு பெற்றிருந்தது. 2015இல் மீண்டும் ஓடத் தொடங்கியபோது மரமும் வண்டியும் புதிது, ஆனால் வண்டியின் நடுவில் நின்று கைப்பிடியை இழுத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிரேக்காரர் அப்படியே இருந்தார். கணினிக்கு அந்த வேலையைக் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் வெளியிலிருந்து எடுத்த புகைப்படத்தில் ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது, காப்பாற்றியதாகவும் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

எதிர்த்திசையில் அமெரிக்காவின் ராக்கி மவுண்டன் கன்ஸ்ட்ரக்‌ஷன் நிறுவனத்தின் வேலை இருக்கிறது. டெக்சஸில் 1990இல் திறந்த டெக்சஸ் ஜயன்ட் என்ற மரக்கோஸ்டர் உலுக்கி எடுக்கிறது என்று பெயர் கெட்டுப்போனது. 2011இல் அதன் மரச் சட்டகத்தின் பெரும்பகுதியை வைத்துக்கொண்டு மேலே எஃகுத் தடத்தைப் பதித்தார்கள். முதல் சரிவு 79 பாகை செங்குத்தாயிற்று. கலிஃபோர்னியாவில் 1978இல் கட்டிய கொலாசஸும் 2015இல் இதேபோல ட்விஸ்டட் கொலாசஸ் ஆனது. தூரத்திலிருந்து பார்த்தால் பழைய மரக்காடு. ஏறி உட்கார்ந்தால் பழைய மரக்கோஸ்டரில் நினைத்தும் பார்க்க முடியாத திருகல்கள். இவை நன்றாக ஓடுகின்றன, கூட்டமும் வருகிறது. இவற்றைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணம், இவர்கள் காப்பு என்று சொல்லிக்கொள்ளவில்லை. பெயரையே மாற்றினார்கள். சட்டகத்தை மறுபயன்பாட்டுப் பொருளாக எடுத்துக்கொண்டார்கள். அது நேர்மையான வியாபாரம்.

வியாபாரம் என்றதும் இயல்பாக எழும் மறுப்பு ஒன்று உண்டு. இது ஒரு தனியார் நிறுவனத்தின் விளையாட்டுப் பொருள். கோயிலோ நூலகமோ அல்ல. லாபம் வராவிட்டால் இடிப்பார்கள், வந்தால் வைத்துக்கொள்வார்கள். இதில் ஊராருக்கு என்ன? இந்த மறுப்பில் சட்ட அளவில் உண்மை இருக்கிறது. ஆனால் சைக்ளோனும் ஒரு காலத்தில் தனியார் சொத்துதான். 1884இல் லாமார்கஸ் தாம்சன் அமெரிக்காவின் முதல் வணிகரீதியான கோஸ்டரை ஓட்டிய இடத்திலேயே அது நிற்கிறது என்பதையும், ஒரு நகரத்தின் கோடைக்கால நினைவு முழுவதும் அதில் தொங்குகிறது என்பதையும் அரசு பின்னால்தான் உணர்ந்தது. ரயில் நிலையங்களையும் ஆலைப் புகைபோக்கிகளையும் வரலாற்றுச் சின்னமாக ஏற்றுக்கொண்ட பிறகு, எஃகுக் குழாயை வளைத்து உடம்பை ஏமாற்றுகிற கலையை மட்டும் வாசலில் நிறுத்தி வைப்பதற்குக் காரணம் இல்லை. முதலாளியின் கண்ணோட்டத்திலேயே பார்த்தாலும், அந்தக் கூம்பு அவருக்கு ஒரு மூலதனம். அதை அவர் தூக்கி எறியமாட்டார். ஆகவே ஆபத்து இடிப்பதில் குறைவு. கூம்பை வைத்துக்கொண்டு உள்ளே எதை வேண்டுமானாலும் ஓட்டலாம் என்ற சுதந்திரத்தில்தான் அதிகம்.

இன்னொரு மறுப்பு கனமானது. பழைய கூட்டுக்குள் பழைய பாதையையே போடுவது பொறியியலைக் கட்டிப்போடுவது ஆகாதா? இன்றைய உந்துவிசைத் தொழில்நுட்பத்தையும் புதிய இருக்கை வடிவங்களையும் எங்கே காட்டுவது? இதற்கு மேஜிக் கிங்டமே பதில் சொல்லிவிட்டது. 2023 ஏப்ரல் 4 அன்று அங்கே ட்ரான் என்ற புதிய கோஸ்டர் திறந்தது. ஷாங்காயில் 2016இல் முதன்முதலாக ஓடிய வகை. பயணி மோட்டார் சைக்கிளில் போல் முன்னால் குனிந்து அமர்கிறார்; வண்டி விசையோடு ஏவப்பட்டு, ஒளிரும் அலைபோன்ற திறந்த கூரையின் கீழ் வெளியே பாய்ந்து வருகிறது. அது ஸ்பேஸ் மவுண்டனை இடித்து வரவில்லை, பக்கத்தில் வந்தது. இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்க முடிகிறது: ஒன்று எல்லாவற்றையும் மறைக்கிறது, மற்றொன்று எல்லாவற்றையும் காட்டுகிறது. எல்லாப் பூங்காவுக்கும் பக்கத்தில் காலி நிலம் கிடைக்காது என்பது உண்மை. அனஹைமுக்குக் கிடைக்காது. நிலம் இல்லாத இடத்தில் எதை விட்டுக்கொடுப்பது என்ற முடிவு கடினமானதுதான். அந்த முடிவை வெளிப்படையாக எடுக்க வேண்டும் என்பதே என் வாதம்.

அப்படி வெளிப்படையாக எடுத்த இடம் டோக்கியோ. 1983 ஏப்ரல் 15 அன்று பூங்கா திறந்த நாளிலிருந்து ஓடிய ஸ்பேஸ் மவுண்டன் 2024 ஜூலை 31 அன்று மூடப்பட்டது. பூங்காவை நடத்தும் ஓரியண்டல் லேண்ட் நிறுவனம் 2022இல் அறிவித்தபோது, சுற்றியுள்ள முற்றத்தையும் சேர்த்து சுமார் 5,600 கோடி யென் செலவில், 2027இல் முற்றிலும் புதிய கட்டடமாகத் திறக்கும் என்றது. கட்டடத்துக்குள் ஓடும் கோஸ்டர் என்ற வகை மாறாது, கூம்பு மாறும். ஜப்பானியர் மரபில் இடித்துக் கட்டுவது இயல்புதானே, இசே ஆலயத்தை இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்களே என்று இதை ஆதரிப்பவர்கள் சொல்லக்கூடும். 1994இல் நாரா நகரில் உருவான பிரகடனமும் அசல்தன்மையைப் பொருளில் மட்டும் தேடாமல் வடிவத்திலும் பயன்பாட்டிலும் மரபிலும் தேடலாம் என்று உலகுக்குச் சொன்னது. ஆனால் இந்த உவமை பொருந்தாது. 2013இல் 62ஆவது முறையாக இசேயைக் கட்டியபோது மாறியது மரம். வடிவம் இம்மியும் மாறவில்லை. டோக்கியோவில் வடிவமே போகிறது, பெயரும் வகையும் மட்டும் நிற்கின்றன. உண்மையில் இசேக்கு நெருக்கமாக வருவது அனஹைமில் உள்ளே நடந்த வேலைதான். ஆனாலும் பாரிஸையும் டோக்கியோவையும் தராசில் வைத்தால், நான் டோக்கியோ பக்கம் சாய்வேன். புதிய ஓட்டத்துக்குப் புதிய கூடு வேண்டும் என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஹென்ச் 1970களில் விலாக்களை வெளியே வைத்தபோது செய்ததும் இதையேதான்: உள்ளே எது நடக்கிறதோ அதற்கேற்ற வெளி.

எது எப்படியானாலும், மூடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று எல்லா இடத்திலும் விடுபடுகிறது. கட்டடத்தின் வரைபடங்கள் கிடைக்கும், புகைப்படங்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். ஓட்டத்தின் பதிவு அப்படிக் கிடைப்பதில்லை. அமெரிக்காவில் 1969 முதல் பாலங்களையும் ஆலைகளையும் அளந்து வரைந்து ஆவணப்படுத்தும் அரசுத் திட்டம் இருக்கிறது. அதே கவனத்தோடு ஒரு கோஸ்டரின் பாதையை லேசர் கொண்டு அளக்கலாம். இருக்கையில் முடுக்கமானியைப் பொருத்தி, முன் வரிசையிலும் பின் வரிசையிலும், காலையில் குளிர்ந்த சக்கரத்தோடும் மாலையில் சூடேறிய சக்கரத்தோடும், ஒவ்வொரு நொடியும் உடம்பு எந்தத் திசையில் எவ்வளவு இழுபடுகிறது என்று எழுதிவைக்கலாம். கருவி மலிவு, வேலை சில நாள்தான். அது இல்லாமல் 'அதே பாதையைப் போட்டோம்' என்று சொன்னாலும் 'அதைவிட நல்லதைப் போட்டோம்' என்று சொன்னாலும் சரிபார்க்க வழியில்லை. ஐம்பது ஆண்டைத் தாண்டிவிட்ட ஃபுளோரிடாவில் இது அவசரம். அங்கே ஒரே கூம்புக்குள் ஆல்ஃபா, ஒமேகா என்று இரண்டு தடங்கள் ஓடுகின்றன. ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம் என்று பொதுவாகச் சொல்வார்கள். சரியாகச் சொன்னால் ஆல்ஃபா 3,196 அடி, ஒமேகா 3,186 அடி. ஒரு தடத்தை அளந்து, அதையே திருப்பிப் போட்டுவிடலாம் என்று யாராவது முடிவெடுத்தால் அந்த 10 அடி யாருக்கும் தெரியாமல் காணாமல் போகும். கூம்பின் மீது ஒரு கீறலும் விழாது.